கரும்பு வெட்டிய பிறகு தெரிந்த வீடு: சிறுவர் ஹைக்கூ குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர்களிடமிருந்து ஹைக்கூ கவிதைகளை வரவேற்று, தங்கள் இதழின் சிறுவர் பக்கத்தில் வெளியான அறிவிப்பைப் படித்து மிகவும் மகிழ்ந்தேன். மொரிஷியசில் தமிழ் படிக்கும் பிள்ளைகளின் சொந்த எழுத்துக்கு ஓர் இதழ் இடம் ஒதுக்குவது எளிய காரியமன்று. ஆயினும் அந்த அறிவிப்பில் காணப்படும் இரண்டு நிபந்தனைகள் என்னைக் கவலைகொள்ளச் செய்கின்றன. ஒவ்வொரு கவிதையும் ஐந்து, ஏழு, ஐந்து என்ற எழுத்துக் கணக்கில் அமைய வேண்டும் என்பது ஒன்று. கவிதை ஒரு நற்கருத்தை வலியுறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் பிள்ளை பேனாவை எடுப்பதற்கு முன்பே அதன் கையைக் கட்டிவிடும் என்று அஞ்சுகிறேன். 31 ஆண்டுகள் தொடக்கப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற நான், இப்போது ஃபிளாக் மாவட்டத்தில் ஒரு கோயில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் வகுப்பு நடத்தி வருகிறேன். அந்த அனுபவத்தைக் கொண்டே இதனை எழுதுகிறேன்.

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். தொலைக்காட்சியில் பிரெஞ்சு கேட்கிறார்கள். தேர்வுகளை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பள்ளியில் சில பாடவேளைகளிலும், கோயிலிலும், பாட்டியின் வாயிலும், நம் நாட்டு ரூபாய்த் தாளிலும் மட்டுமே எதிர்ப்படுகிறது. இந்த நிலையில் ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் ‘மரங்களின் பயன்கள்’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், அது மனப்பாடம் செய்த எட்டு வாக்கியங்களை எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். அந்த எட்டு வாக்கியங்களில் எழுத்துப் பிழை இராது. அந்தப் பிள்ளையும் அதில் இராது. பல ஆண்டுகள் அத்தகைய கட்டுரைகளுக்கு நானே முழு மதிப்பெண் போட்டிருக்கிறேன் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டும். பத்துச் சொற்களை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தன் கண்ணால் கண்டதைத் தமிழில் முழுமையாகச் சொல்லிவிட முடியும் என்று எனக்குக் காட்டிய முதல் வடிவம் ஹைக்கூதான்.

ஒரு சனிக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் கூடத்திற்குத் தகரக் கூரை. மழை பிடித்தால் நான் பேசுவது முதல் வரிசைக்குக்கூடக் கேட்காது. அன்று அப்படித்தான் மழை கொட்டியது. பாடத்தை நிறுத்திவிட்டு எல்லோரையும் மழையைப் பற்றி மூன்று வரி எழுதச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பையன், ‘மழை அழகு, மழை நன்மை, மழையே வா’ என்று எழுதிக்கொண்டு வந்தான். எந்த மழை, எங்கே பெய்தது, அப்போது நீ என்ன பார்த்தாய் என்று அவன் காதருகே குனிந்து கேட்டேன். அவன் சிறிது நேரம் தயங்கிவிட்டு, தன் இடத்திற்குப் போய், இதை எழுதி வந்தான்:

தகரக் கூரை மேல் மழை
மிஸ்ஸின் வாய் மட்டும்
அசைகிறது

முதலில் எழுதிய மழையை எந்த ஊரில் இருந்தும் எழுதலாம். இரண்டாவது மழை அந்தக் கூடத்தில், அந்த நேரத்தில், அவன் உட்கார்ந்திருந்த கடைசி வரிசையில் இருந்து மட்டுமே எழுதக்கூடியது. அவன் பயன்படுத்திய சொற்களில் அவனுக்குப் புதிய சொல் ஒன்றுகூட இல்லை. அசைகிறது என்ற வினையை அவன் அதற்கு முன் தேர்வுத் தாளில் மட்டுமே எழுதியிருப்பான்; அன்று அது அவனுக்குத் தேவைப்பட்டது. மொழி கற்பிப்பவர்கள் இந்த வேறுபாட்டை அறிவார்கள்.

இனி எழுத்துக் கணக்கைப் பற்றி. ஜப்பானிய ஹைக்கூவில் பதினேழு அலகுகள் உண்டு என்பதும், அவை ஐந்து, ஏழு, ஐந்தாகப் பிரிவதும் உண்மையே. ஆனால் அந்த அலகு நம் எழுத்தும் அன்று, நம் அசையும் அன்று. நிப்பொன் என்ற சொல்லை அவர்கள் நி, ப், பொ, ன் என்று நான்காக எண்ணுவார்கள்; ஒற்றுக்கும் (புள்ளி வைத்த மெய்க்கும்) அங்கே ஒரு முழு மாத்திரை உண்டு, நெட்டுயிர் வந்தால் அது இரண்டாகும். நம் யாப்பிலோ எழுத்தெண்ணிப் பாடும்போது ஒற்றை நீக்கிவிட்டே எண்ணுகிறோம். கட்டளைக் கலித்துறை என்னும் செய்யுள் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு எழுத்து. நம் பாட்டிமார் வெள்ளிக்கிழமைகளில் பாடும் அபிராமி அந்தாதியின் முதல் பாட்டில், ‘உதிக்கின்ற செங்கதிர் உச்சித் திலகம் உணர்வுடையோர்’ என்ற அடியை ஒற்று நீக்கி எண்ணினால் சரியாகப் பதினேழு வரும். பதினேழு என்ற எண் நமக்குப் புதிதன்று என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது நானே அந்த வரியை விரல் மடக்கி எண்ணிக் காட்டுவதுண்டு. அவர்களுக்கு அது பெருமையாக இருக்கும். ஆனால் ‘அம்மா’ என்ற சொல்லை ஒருவர் இரண்டு என்றும் மற்றொருவர் மூன்று என்றும் எண்ணக்கூடிய மொழியில், ஐந்து ஏழு ஐந்து என்று நிபந்தனை போட்டுப் பிள்ளையின் கவிதையைத் தள்ளுவது எந்தக் கணக்கின்படி நியாயமாகும்? ஜப்பானியரின் காதுக்கு அந்த அளவு பழகிய தாளம்; நமக்கு அந்த எண்ணை மட்டும் பெயர்த்துக் கொண்டுவந்தால் தாளம் கூடவே வராது. மூன்று சிறிய வரிகள், ஒரே மூச்சில் சொல்லக்கூடிய நீளம் என்பதே தொடங்குவோருக்குப் போதும்.

அந்த வடிவத்தில் பிள்ளைகள் கற்றுக்கொள்ள வேண்டியவை என்று நான் கருதுவன வேறு இரண்டு. ஒன்று, வெட்டு; அதாவது கவிதையின் நடுவே ஒரு நிறுத்தம். ஜப்பானியர் அதற்கென்றே ‘யா’, ‘கேரி’, ‘கனா’ போன்ற அசைச்சொற்களை வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கிரெஜி என்பார்கள். ஜப்பானியப் பெருங்கவிஞர் பாஷோ 1686-இல் இயற்றிய பழைய குளத்துப் பாட்டில், குளம் என்ற சொல்லை அடுத்து ‘யா’ வந்து நின்றுவிடுகிறது. அதன் பிறகே தவளை குதிக்கிறது, நீரின் ஓசை கேட்கிறது. குளத்துக்கும் தவளைக்கும் நடுவே உள்ள அந்த மௌனத்தைக் கவிஞர் எதையும் கொண்டு நிரப்பவில்லை. இதைப் பிள்ளைகளுக்கு விளக்க நான் நீண்ட பாடம் நடத்துவதில்லை. ‘போல’, ‘ஆகையால்’, ‘ஏனென்றால்’ ஆகிய மூன்று சொற்களைப் பயன்படுத்தாமல் இரண்டு பொருள்களை அருகருகே வையுங்கள் என்று மட்டும் சொல்கிறேன். மேலே தந்த கவிதையில் மழை ஒரு பக்கமும் அசையும் வாய் மறு பக்கமும் இருப்பதைக் காணலாம்; மழையின் இரைச்சலால் ஆசிரியரின் குரல் கேட்கவில்லை என்று அவன் எழுதவே இல்லை.

மற்றொன்று, பருவச்சொல். கிகோ எனப்படும் இந்தச் சொல் இல்லாத ஹைக்கூவை மரபு வழிவந்தவர்கள் ஏற்பதில்லை. தவளை என்றால் இளவேனில், முழுநிலவு என்றால் இலையுதிர் காலம் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு பருவம் உண்டு. அவற்றைத் தொகுத்த சாய்ஜிகி என்னும் நூல்களைக் கவிஞர்கள் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள். தமிழருக்கு இது புரியாத செய்தியா என்ன? நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்கிறது. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று ஆண்டை ஆறாகப் பகுத்து, முல்லைக்குக் கார்காலத்தையும் மாலையையும் உரிமையாக்கியவர்கள் நாம். ஜப்பானியக் கவிதையின் சுருக்கத்தைப் பாரதியார் 1916-இலேயே சுதேசமித்திரனில் வியந்து எழுதியதற்கும் இந்த உறவே காரணமாக இருந்திருக்கும் என்று எண்ணிக்கொள்வேன். பாஷோவின் மாணவர் ஹொகூஷி, தம் வீடு எரிந்துபோனபின், மலர்கள் அதற்கு முன்பே உதிர்ந்துவிட்டன என்று அமைதியாக எழுதிய கவிதை அந்தக் கட்டுரை வழியாகவே தமிழுக்கு வந்தது.

ஆனால் இங்கேதான் நம் தீவுக்கே உரிய ஒரு சிக்கல் எழுகிறது. பாடநூலில் மார்கழி என்றால் பனி. நம் பிள்ளைக்கு மார்கழி என்றால் வேர்வை, மாம்பழம், லெட்சி, முற்றத்தில் ஈ மொய்க்கும் கொட்டைகள். தமிழ்நாட்டில் மே மாதத்தில் பூப்பதால் மே மலர் மரம் என்று அழைக்கப்படும் அதே செந்நிறப் பூ மரம், இங்கே நவம்பர் கடைசியில் தீப்பிடித்தாற்போல் பூத்து, ஆண்டின் முடிவை அறிவிக்கிறது. நாம் அதை ஃப்ளம்புவாயன் என்கிறோம். தைப்பூசக் காவடி நமக்குப் புயல் பருவத்தின் நடுவில் வருகிறது. சித்திரை பிறக்கும்போது இங்கே வெயில் தணியத் தொடங்கியிருக்கும். நம் பிள்ளை தமிழில் எழுத உட்காரும்போதெல்லாம் தான் பார்த்திராத ஒரு நாட்டின் பருவத்தை எழுதுகிறது. தான் பார்த்ததைத் தமிழில் எழுதலாகாது என்றே நம்பிவிடுகிறது. ‘மார்கழி மாதக் குளிர்’ என்று எழுதிய ஒரு சிறுமியின் நெற்றியில் அப்போது வேர்வை வழிந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவளைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. அப்படி எழுதக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தான்.

இதே சிக்கலை வேறொரு குடிபெயர்ந்த மக்கள் எதிர்கொண்ட விதத்தைத் தங்கள் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. 1908-ஆம் ஆண்டு ஜூன் மாதம், கசாத்தோ மாரு என்ற கப்பலில் 781 ஜப்பானியர் பிரேசிலின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலி வேலைக்காகச் சென்று இறங்கினர். 1834 முதல் நம் முன்னோர் போர்ட் லூயியின் படிகளில் ஏறி வந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றதை இது எனக்கு நினைவூட்டுகிறது. அவர்கள் ஹைக்கூவையும் உடன் கொண்டு சென்றார்கள். ஆனால் அங்கே பருவங்கள் தலைகீழாக இருந்தன. ஊரில் கற்ற பருவச்சொற்கள் பொருந்தவில்லை. 1927-இல் அங்கே குடியேறிய சாத்தோ நென்புக்கு, ஜப்பானின் புகழ்பெற்ற ஹைக்கூ ஆசான் தகஹாமா கியோஷியின் மாணவர். அவரும் அவர் வழிவந்தவர்களும் பிறந்த நாட்டின் பனியைப் பற்றியே பாடிக்கொண்டிருக்கவில்லை. பிரேசில் மண்ணில் கண்ட மரங்களையும் பூக்களையும் விழாக்களையும் பருவச்சொற்களாக்கினார்கள். பின்னாளில் அவை தனித் தொகுப்புகளாயின, போர்த்துகீசிய மொழியிலும் வந்தன. அவர்கள் எழுதியது ஹைக்கூ அன்று என்று யாரும் சொல்லவில்லை.

நமக்கென்று அப்படி ஒரு பருவச்சொல் தொகுப்பைப் பிள்ளைகளின் கையாலேயே உண்டாக்க வேண்டும் என்பதுதான் இந்தக் கடிதத்தின் வேண்டுகோள். எங்கள் வகுப்பில் சுவரில் ஒரு பெரிய தாளை ஒட்டி வைத்திருக்கிறோம். நாங்கள் அதைப் பன்னிரண்டு கட்டங்களாகப் பிரித்திருக்கிறோம். ஒவ்வொரு மாதமும் பிள்ளைகள் தாங்கள் கண்டதை அதில் எழுதுகிறார்கள். ஜூன் கட்டத்தில் ‘கரும்புப் பூ’ என்றும் ‘லாகூப் லாரி’ (கரும்பு வெட்டுக் கால லாரி) என்றும் இருக்கிறது. பிப்ரவரியில் ‘புயல் எச்சரிக்கை மூன்று’ என்று ஒருத்தி எழுதினாள். கிரியோலில் கொண்டே என்று அழைக்கப்படும் பறவைக்குத் தலையில் கொண்டை இருப்பதைக் கண்டு, அது தமிழ்ப் பெயர்தானே என்று ஒரு சிறுவன் கேட்டான். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதை விட, அவன் அன்று அந்தப் பறவையை உற்றுப் பார்த்தான் என்பதே எனக்கு முக்கியமாகப் பட்டது. புயல் எச்சரிக்கை என்று எழுதியவள் அடுத்த வாரம் தந்தது இது:

புயல் எச்சரிக்கை மூன்று
கொடியில் தனியாக
தாத்தாவின் வேட்டி

இதில் நற்கருத்து எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. இரண்டாவது நிபந்தனையைப் பற்றி நான் பேச வேண்டியதும் இதனால்தான். சில ஆண்டுகளுக்கு முன்பு என் மாணவி ஒருத்தியின் கவிதையை ஒரு போட்டிக்கு அனுப்பியிருந்தேன். அவள் வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கும் நடுவே கரும்புத் தோட்டம். ஆண்டில் பாதி நாள் ஆள் உயரத்தையும் தாண்டிக் கரும்பு நிற்கும். அவள் எழுதியது:

கரும்பு வெட்டி முடிந்தது
இன்றுதான் தெரிகிறது
பாட்டியின் வீடு

கருத்து ஏதுமில்லை, எழுத்துக் கணக்கும் தவறு என்ற குறிப்புடன் அது திரும்பி வந்தது. பரிசு பெற்றவை அனைத்தும் மரம் வளர்ப்போம், தாய்மொழி காப்போம், நெகிழி ஒழிப்போம் என்று முடிந்தன. அவற்றை எழுதிய பிள்ளைகளை நான் குறை கூறவில்லை. அவர்களிடம் கேட்கப்பட்டது அதுதான். ஆனால் அந்தச் சிறுமி அடுத்த வாரம் வகுப்பில் என்னிடம், “மிஸ், பாட்டியை அன்போடு நேசிப்போம் என்று கடைசி வரியை மாற்றட்டுமா?” என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அந்த மூன்று வரிகளில் பாட்டியின் மீது அவளுக்குள்ள அன்பு இல்லை என்று யார் சொல்ல முடியும்? எத்தனை மாதம் அவள் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டே இருந்திருந்தால் ‘இன்றுதான்’ என்ற சொல் அவளுக்குக் கிடைத்திருக்கும்? அவள் அதற்குப் பிறகு ஓராண்டுக் காலம் கவிதை எழுதவில்லை. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

அறம் சொல்லும் கவிதைக்குத் தமிழில் குறளும் ஆத்திசூடியும் உண்டு. அவற்றைப் பிள்ளைகள் கற்கத்தான் வேண்டும், நானும் கற்பிக்கிறேன். ஹைக்கூ அந்த வேலைக்கு வந்ததன்று. ஆனாலும் அதில் அறம் இல்லாமல் இல்லை. கிணற்றுக் கயிற்றில் காலைப்பூக் கொடி சுற்றிக்கொண்டதைக் கண்டு, அதை அறுக்க மனமில்லாமல், தண்ணீருக்கு அடுத்த வீட்டுக்குப் போன கவிதை ஒன்று சியோ-நி என்ற பெண் கவிஞருடையது; அவர் 1703 முதல் 1775 வரை வாழ்ந்தவர். அதை வகுப்பில் சொன்னவுடன் ஒரு மாணவி, “அது பாரி முல்லைக்குத் தேர் கொடுத்தது மாதிரி” என்றாள். நான் சொல்லித் தரவில்லை. அவளாகவே சேர்த்துப் பார்த்தாள். பாரி அரசன், தேரைக் கொடுத்தான். இந்தப் பெண்ணிடம் இருந்தது ஒரு வாளி. உயிர்களிடம் அன்பு காட்டுங்கள் என்று அந்தக் கவிதை எங்கும் சொல்லவில்லை, ஆயினும் அன்று என் வகுப்பில் அதை உணராத பிள்ளை இல்லை. மூன்று வயதிலேயே தாயை இழந்த ஜப்பானியக் கவிஞர் இஸ்ஸா, தாயில்லாத குருவியைத் தன்னோடு விளையாட வரும்படி அழைக்கும் கவிதையும் அத்தகையதே. அதைப் படிக்கும்போது கூடம் அமைதியாகிவிடும்.

ஜப்பானில் கவிதைகளை மதிப்பிடும் முறை ஒன்று நமக்கு மிகவும் பயன்படும். குகாய் என்னும் அந்தக் கூட்டத்தில், ஒவ்வொருவரும் தம் கவிதையைப் பெயரில்லாமல் சிறு தாளில் எழுதிக் கொடுப்பார்கள். அவற்றை ஒன்றாகக் கலந்து, வேறொரு கையெழுத்தில் படியெடுத்து, எல்லோரும் படித்துத் தமக்குப் பிடித்தவற்றைத் தேர்ந்தெடுப்பார்கள். பெயர் பிறகுதான் தெரியவரும். எங்கள் வகுப்பில் நானும் ஒரு தாள் எழுதிப் போடுவேன். பெரும்பாலும் பிள்ளைகளின் வாக்கு என் கவிதைக்கு விழுவதில்லை. வகுப்பில் ஒருநாளும் வாய் திறக்காத ஒரு பையனின் கவிதைக்கு ஒன்பது பேர் வாக்களித்த நாளை நான் சொல்ல வேண்டும். காவடி முடிந்த வாரம் அது. ‘யார் எழுதியது?’ என்று எல்லோரும் திரும்பித் திரும்பிப் பார்க்க, அவன் மெல்ல எழுந்து நின்றான்:

காவடி போய்விட்டது
நனைந்த சாலையில்
ஓர் எலுமிச்சம்பழம்

எனவே தங்களிடம் நான் பணிவுடன் கேட்டுக்கொள்வது இதுதான். எழுத்துக் கணக்கு, நற்கருத்து ஆகிய இரண்டு நிபந்தனைகளையும் நீக்கிவிட்டு, அவற்றின் இடத்தில், கவிதை எழுதப்பட்ட மாதத்தையும் ஊரையும் குறிப்பிட வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரும் கவிதைகளை மாத வரிசையில் வெளியிட்டால், ஓராண்டு முடிவில் வடக்கே கிராண் பே முதல் தெற்கே சூயாக் வரையில் உள்ள பிள்ளைகள் கண்ட பருவங்கள் தங்கள் பக்கத்தில் தாமாகவே தொகுந்துவிடும். தமிழில் பெயரில்லாத மரத்தையும் பழத்தையும் பிள்ளைகள் வீட்டில் சொல்லும் பெயராலேயே எழுத விடுங்கள். லெட்சி என்று எழுதிய பிள்ளையிடம் அகராதிச் சொல் கேட்டால், அது அடுத்த முறை அந்தப் பழத்தைப் பற்றி எழுதாது. வேண்டுமானால் அடியில் ஒரு சிறு விளக்கம் தரலாம். பரிசு தரத்தான் வேண்டும் என்றால், வந்த கவிதைகளைப் பெயரில்லாமல் அச்சிட்டுப் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் செய்யலாம். அதற்கு ஒரு வாரம் கூடுதலாக ஆகும், அவ்வளவுதான்.

எங்கள் வகுப்புப் பிள்ளைகள் எழுதியவற்றுள் பன்னிரண்டு கவிதைகளை, மாதத்திற்கு ஒன்றாக, இக்கடிதத்துடன் இணைத்துள்ளேன். எழுத்துப் பிழைகளைத் திருத்திவிட்டேன். வேறு எதையும் மாற்றவில்லை. மார்ச் மாதக் கவிதையில் வரும் ‘மிஸ்’ என்ற சொல்லை ‘ஆசிரியை’ என்று மாற்றாமல் வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன்; அதை எழுதியவன் என்னை அப்படித்தான் அழைக்கிறான். ஆகஸ்ட் மாதத்திற்குரிய கவிதை, போட்டியில் இருந்து திரும்பி வந்த அந்தக் கரும்புத் தோட்டத்துக் கவிதை. இதைத் தங்களுக்கு அனுப்பலாமா என்று அவளிடம் கேட்டபோது, சற்று யோசித்துவிட்டு, ‘பாட்டி’ என்ற சொல் சரியாக அச்சாகுமா என்று மட்டும் கேட்டாள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவர்,
ஃபிளாக் மாவட்டம், மொரிஷியஸ்